அவங்க லேட்டுங்க

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். எந்த 'ன' எங்கே வரும் என்பது இன்னும் தடுமாற்றம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இது அவள் கல்யாணத்தில் நடந்ததுதான்.

மாப்பிள்ளை வீடு பூந்தமல்லி. பத்திரிகை அடிக்கும் வேலையை மாப்பிள்ளையின் சித்தப்பா எடுத்துக்கொண்டார். ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர். பெண் பார்க்க வந்த அன்று டியூட்டி இருந்ததால் எங்களை நேரில் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து விவரங்களைச் சொல்லும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேச வேண்டிய இடத்திலெல்லாம் மனைவியை முன்னால் விட்டு ஒதுங்கி நிற்கிற ஆள் நான். பெண்ணைப் பெற்றவனாக இதையாவது நானே செய்ய வேண்டும் என்றிருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் போன் செய்தார். மனைவியின் பெயரைக் கேட்டார், சொன்னேன்.

"அம்மா இருக்காங்களா?"

பேசுவதற்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவளுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அந்த வாரம் முழுக்க ஓவர்டைம்.

"அவங்க லேட்டுங்க."

"அடடா, தெரியாமக் கேட்டுட்டேன் சம்பந்தி. மனசுல வச்சுக்காதீங்க."

ஓவர்டைமுக்கே இவ்வளவு வருத்தப்படுகிறாரே, நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். "பழகிப்போச்சுங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்களுக்காக ஆங்கிலத்தில் அடித்தார்கள். அச்சுக்குப் போகும் முன் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பினார். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குப் பின்னால் ரிடையர்டு என்று சுருக்கிப் போட்டிருந்தது. என் பெயருக்குப் பின்னால் எல், ஏ, டி, இ. எனக்குத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இரும்பு கடைகிற லேத் வேலை. எங்கள் பட்டறைப் பலகையில் லேத் என்ற எழுத்தைத் தினமும் பார்க்கிறேன். அதில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் சுருக்கிப் போடுவார்கள் போலும் என்று எண்ணினேன். என் தொழிலையும் மதித்துப் போட்டிருக்கிறார்களே என்று உள்ளுக்குள் பெருமை. யாரிடமும் காட்டாமல், சரி என்று பதில் அனுப்பிவிட்டேன்.

பத்திரிகைக் கட்டு மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது. மனைவி மஞ்சள் குழைத்து முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் வைத்தாள். சாமி படத்தடியில் வைக்கும் முன் மகளிடம் நீட்டினாள்.

"படிடி, காதால கேக்கறேன்."

மகள் பாதியில் நிறுத்தினாள். "நைனா, இத நீ பாத்தியா?"

"பாத்தேனே. லேத்துன்னு போட்டுகீறாங்க."

"லேத் இல்ல நைனா, லேட். அம்மா பேருக்கு முன்னால போட்டிருக்கு. செத்துப்போனவங்களுக்குப் போடறது."

மனைவி தன் விரலில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள். "நான் செத்து எவ்ளோ நாளாவுதாம்? கேட்டு சொல்லு."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அன்று எங்களோடு சாப்பிடவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் வாய் திறந்தாள்.

"இத்த வச்சிகினு நான் ஒரு ஊட்டுக்கும் பத்திரிகை வைக்க வரமாட்டேன். மேடையும் ஏறமாட்டேன். பாக்கறவன் இன்னா நெனைப்பான்? நீதான சொன்ன. நான் உயிரோட கீறேன்னு நீயே சொல்லு."

என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, மகள் போனில் அந்தச் சொல்லைத் தேடிப் படித்துக் காட்டினாள். முதலில் அதற்கு மந்தம், சோம்பல் என்றுதான் பொருளாம். அப்புறம்தான் நேரம் தவறியது என்று ஆனதாம். சமீபம் வரை இருந்தவர் என்ற பொருளில் இறந்தவருக்கும் போட ஆரம்பித்தார்களாம். எனக்கு முதல் பொருளைத் தாண்டி எதுவும் மனதில் ஏறவில்லை. அந்த வார்த்தை என் பெயருக்குப் பின்னால் இருப்பதாக நான் எண்ணியது தப்பே இல்லை.

மொட்டை மாடிக்குப் போய்ச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சம்பந்தி, என் சம்சாரம் உயிரோட இருக்காங்க."

"என்ன சம்பந்தி சொல்றீங்க? பழகிப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஓவர்டைம் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வேறு பத்திரிகை அடித்து அனுப்பினார். அதை மகள் இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் மனைவி குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கல்யாண மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போனவள் அவள்தான். பன்னீர்ச் சொம்போடு வாசலிலேயே நின்றாள். சித்தப்பா குடும்பத்தோடு வந்து இறங்கியபோது முகூர்த்தம் நெருங்கிவிட்டது.

"வாங்கண்ணே. இன்னிக்கு நீங்கதான் லேட்டு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். நான் குனிந்து, நேராக இருந்த நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தேன். மேடைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்கு இன்னும் ஓவர்டைம் வருகிறது. யாராவது கேட்டால், "வர நேரமாவும்" என்று சொல்கிறேன். அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

ஆடி 11, ஞாயிற்றுக்கிழமை.