ஏப்பம் வரும்வரை

வெள்ளைக்காரன் காலத்தில், நான் மிட்வைஃப் வேலையில் சேர்ந்த புதிது. மோகனூர்ப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். பிரசவம் பார்த்தது ஊர் மருத்துவச்சி. உள்ளே நுழைந்ததும் மல்லிகை வாசனை அடித்தது. பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். பிள்ளை தவறிப்போன தாய்க்குத்தான் அப்படிச் செய்வது. இங்கேயோ பிள்ளை தூளியில் உயிரோடு அழுதுகொண்டிருந்தது.

தாய் பாவாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் நாத்தனார் செல்லாயி பாலூட்டும் சங்கில் பசும்பாலோடு நின்றாள்.

“இவ பாலு புள்ளைக்குச் சேரலீங்க நர்சம்மா. குடிச்சதையெல்லாம் கக்கிப்போடுது. நேத்துப் பொரையேறி மூஞ்சியே நீலமாப் போச்சுங்க. அதான் பூ வெச்சுக் கட்டிப்போட்டமுங்க.”

“பால் குடுத்ததும் என்ன பண்றீங்க?”

“தூளியில போட்டு ஆட்டறமுங்க.”

“தோள்ல போட்டுத் தட்றதில்லையா?”

“தல நிக்காத புள்ளய யாராச்சும் நிமுத்துவாங்களா? கழுத்து முறிஞ்சு போவாதுங்களா?”

எனக்கு விளங்கிவிட்டது. பாலோடு விழுங்கிய காற்றை வெளியேற்றாமல் மல்லாக்கப் போட்டு ஆட்டினால், அது பாலையும் தள்ளிக்கொண்டுதான் வரும். அந்தக் கோடையில் சங்குப் பால் குடித்துப் பேதியாகிச் செத்த பிள்ளைகளை நான் பார்த்திருந்தேன். பாவாயிக்குப் பால் வற்றுவதற்குள் இதை நிறுத்தியாக வேண்டும்.

“ஒரே ஒரு தடவை என் முன்னால தாய்ப்பால் குடுக்கட்டும். கக்கிச்சுன்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

“நர்சம்மா சொல்றாப்பல பண்ணக்கா” என்று பிள்ளையின் தகப்பன் வெளியிலிருந்தே சொன்னான்.

பாவாயி பூக்கட்டை அவிழ்த்தாள். பிள்ளை ஆவேசமாகக் குடித்தது. வாங்கித் தோளில் சாய்த்து, தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு முதுகைத் தட்டினேன். ஏப்பம் வரவில்லை. தடவினேன், மறுபடி தட்டினேன். பிள்ளை முறுக்கிக்கொண்டு வீறிட்டது. முகம் கன்றிப் போயிற்று.

“குடுங்க இங்க! கொன்னுபோடாதீங்க!” என்று செல்லாயி கையை நீட்டினாள்.

இப்போது கக்கினால் இந்த ஊரில் ஒரு வீட்டிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். அது போகட்டும், இந்தப் பிள்ளைக்குச் சங்குதான் கதி. நான் கொடுக்கவில்லை. மடியில் உட்கார வைத்து, தாடையை விரல்களில் தாங்கி, சற்றே முன்னால் சாய்த்துத் தட்டினேன்.

வந்தது பாருங்கள், விருந்து சாப்பிட்ட மாமனார் ஏப்பம்! வெளியே நின்றவனுக்கே கேட்டது.

தூளியில் போட்டுவிட்டு மூன்று பேரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைவாயில் ஒரு சொட்டு வழிந்தது, அவ்வளவுதான். பிள்ளை தூங்கிவிட்டது. பாவாயி சத்தமில்லாமல் அழுதாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “இவ்வளவுதானே? இதை ஏன் முன்னாலேயே பண்ணல?” என்று செல்லாயியைக் கேட்டேன்.

அவள் சங்கைக் கீழே வைத்தாள்.

“இவளுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சுங்க. அதுவும் இப்படித்தான் கக்குச்சு. அப்பவும் நான்தானுங்க பூ வெச்சுக் கட்டிப்போட்டுச் சங்குல பாலு குடுத்தேன். தங்கலீங்க.”

“அதுக்கு என்ன நோவோ, நான் பாக்கலையே அக்கா” என்றேன். உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவளுக்குப் போதவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் ஏப்பம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். முன்னாலேயே ஏன் செய்யவில்லை என்று மட்டும் எவரையும் கேட்டதில்லை. இந்த வேலைக்கு வரும் பெண்களே, நீங்களும் கேட்காதீர்கள்.