மாங்குளம் – முல்லைத்தீவு: முறைக்காய்ச்சலோடு முப்பத்தொரு மைல்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் சைக்கிளில் போகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போகலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நான் போயிருக்கிறேன், காய்ச்சலோடு. அதனால் வழியைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்போது வவுனியாவில் ஒரு சைக்கிள் கடை முதலாளி எனக்குச் சம்பளமும் ஒரு பந்தயச் சைக்கிளும் தந்து சைக்கிள் ஓட்டங்களில் ஓட வைத்திருந்தார். நான் வென்றால் அவருக்கு வியாபாரம். அந்த வருடம் ஓட்டங்கள் தொடங்கிய நேரம் பார்த்து எனக்கு முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், பகல் ஒரு மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி வரும். முதலில் நடுக்கம், பிறகு நெருப்பு, பிறகு வியர்வை. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எழும்பி ஓடித் திரிவேன். ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரையைத் தினமும் போடச் சொன்னார்கள். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா? காய்ச்சல் முறை நாளில் மட்டும் போட்டு, மிச்சத்தைச் சேமித்து வைத்தேன்.

முதலாளியிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் சைக்கிளைத் திருப்பி வாங்கிவிடுவார் என்ற பயம். முதல் ஓட்டத்தில் தோற்றபோது வயிற்றுக்கோளாறு என்றேன், இரண்டாவதில் நித்திரை இல்லை என்றேன். மூன்றாவதுதான் மாங்குளம் – முல்லைத்தீவு. இதிலும் தோற்றால் சைக்கிள் போய்விடும் என்று எனக்கே தெரியும்.

ஓட்டம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. என் முறை வெள்ளியும் ஞாயிறும். மனதுக்குள் கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டேன். வெள்ளி காய்ச்சல் தணிந்ததும் பின்னேர பஸ்ஸில் சைக்கிளைக் கூரையில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். எனக்கு ஒரு ரூபா பத்துச் சதம், சைக்கிளுக்கு ஐம்பது சதம். இருபத்தெட்டு மைலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது.

சனி காலை புறப்படும் கோட்டில் நின்றபோது ஓட்டம் நடத்துபவர் ஒருவர் ஓடி வந்தார். "ஒட்டுசுட்டானுக்கு இஞ்சால தெருவில யானைக்கூட்டம் நிக்குது. வழிக்கு நிக்கிற பொலிஸ் பத்து மணிக்குப் போயிடும், இண்டைக்கு ஏலாது. நாளைக்குப் பதினொண்டரைக்கு விடுவம். வெயில் ஏறினால் அதுகள் காட்டுக்குள்ள போயிடும்."

நாளைக்கு. பதினொன்றரைக்கு. சரளைக்கல் போட்ட அந்தக் கிறவல் தெருவில் முப்பத்தொரு மைலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வேண்டும். எப்படி மிதித்தாலும் கடைசிப் பதினைந்து நிமிடம் காய்ச்சலுக்குத்தான். சேமித்து வைத்த மாத்திரைகளில் மூன்றை ஒன்றாக விழுங்கினேன். காது இரைந்ததுதான் மிச்சம்.

ஞாயிறன்று பதினாறு பேர் புறப்பட்டோம். முதல் பதினைந்து மைலும் காடு. நிழல் உண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லை. பன்னிரண்டு இருபதுக்கு ஒட்டுசுட்டான். அதன் பிறகு முன்னால் இரண்டே பேர், நானும் முல்லைத்தீவு ரசாக்கும். அவன் ஓடியது வீட்டுச் சைக்கிள், என்னுடையதைவிடப் பாரம். ஆனாலும் விடுகிறான் இல்லை. முதலாளியின் கார் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்குக் கொட்டாவி வந்தது. பிறகு முதுகில் ஒரு குளிர். நகங்களைப் பார்த்தேன், நீலம். இன்னும் எட்டு மைல்.

எங்கள் பக்கத்து ஓட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. சனம் வாளியோடு தெருவோரம் நின்று ஓடுபவர் தலையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும். தண்ணீரூற்று என்ற ஊரில் இரண்டு பக்கமும் வாளிகள். ரசாக் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே வாங்கினான். எனக்கு முதல் வாளி விழுந்ததும் பல் கிட்டிவிட்டது. இரண்டாவது வாளியோடு ஒரு பெண் முன்னே வந்தார்.

"ஊத்தாதேங்கோ அக்கா, குளிருது!"

உச்சி வெயிலில் யார் இப்படிச் சொல்வார்கள்? அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "ஐயோ, பெடியனுக்கு முறைக்காய்ச்சல்! ஒருத்தரும் தண்ணி ஊத்தாதேங்கோ!" அந்தக் குரல் என்னை முந்திக்கொண்டு ஓடியது. வரிசையாக வாளிகள் கீழே இறங்கின.

கார் பக்கத்தில் வந்தது. முதலாளி தலையை வெளியே நீட்டினார். "டேய், இறங்கு! காருக்குள்ள ஏறு!"

"இல்லை முதலாளி, ஓடி முடிச்சிட்டு வாறன்."

கடைசி ஐந்து மைலும் எப்படிப் போயின என்று தெரியாது. ரசாக்கின் பின் சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தேன். ஒன்றேகாலுக்கு முல்லைத்தீவு. அறுபது அடி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தேன்.

சந்தைக்குப் பக்கத்தில் என்னைக் கிடத்தி மூன்று நெற்சாக்குகளால் மூடினார்கள். முதலாளி பக்கத்தில் குந்தினார்.

"எத்தினை நாளா?"

"ஒண்டரை மாசம்."

"ஏன்ரா சொல்லேல்லை?"

"சைக்கிளை வாங்கிப்போடுவியள் எண்டு பயந்தனான்."

அவர் நழுவிய சாக்கை இழுத்து மூடிவிட்டார். "கை நடுங்குது, கண் சிவந்து கிடக்குது, ஒருநாள் விட்டு ஒருநாள் கடைக்கு வாறாயில்லை. நான் உன்னைக் குடிகாரன் எண்டெல்லோ நினைச்சன். போன கிழமையே ரசாக்குக்கு இந்தச் சைக்கிளைத் தாறனெண்டு வாக்குக் குடுத்திட்டன். காய்ச்சல் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பன்ரா."

வாக்கை அவர் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. சாக்குக்குள் கிடந்து அழுதேன், நடுக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போகிறவர்களுக்கு: விடியற்காலையிலும் போக வேண்டாம், பொழுதுபடும் நேரத்திலும் போக வேண்டாம், யானை வரும். மாங்குளத்திலேயே இரண்டு போத்தல் தண்ணீர் நிரப்புங்கள். டொக்டர் தந்த மாத்திரையை முழுதாகப் போட்டு முடியுங்கள். உடம்புக்கு ஏலாவிட்டால் கூட வருபவரிடம் புறப்பட முன்னரே சொல்லிவிடுங்கள். அவர் என்ன நினைப்பாரோ என்று மறைத்தால், உள்ளதைவிடக் கேவலமான ஒன்றை அவராகவே நினைத்துக்கொள்வார்.