‘ங்க’ இல்லாத பக்கம்

சம்பளம் ஒரு நாட்டிலிருந்தும் வராது, திட்டு மட்டும் எல்லா நாட்டிலிருந்தும் வரும் என்று ஒரு வேலை இருக்கிறதென்றால், அது இன்டர்நெட்டில் எல்லோரும் கூடி எழுதும் கலைக்களஞ்சியத்துக்குப் புதிதாக வந்தவருக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான்.

எங்கள் ஊரான கணபதியில் என் மாமாவின் பிரவுசிங் சென்டரில், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பார்ப்பது அந்த வேலையைத்தான். இன்னொரு வேலையும் உண்டு. கண்டக்டர், ஹெட்மாஸ்டர், மாமா என்று யார் குரல் கிடைத்தாலும் அதில் பேசுவேன். களஞ்சியத்தின் தொகுப்பாளரை ஒருவரும் பார்த்ததில்லை; எங்கோ குளிர்நாட்டில் இருக்கிறாராம். ஒற்றை வரியில் மெயில் போடுவார். அவருக்கு ஜலதோஷம் பிடித்த மூக்குக் குரல் ஒன்றை நானே கொடுத்துவைத்திருந்தேன். என்னைப்போல மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, மேலே கேளுங்கள்.

மொட்டைப் பேச்சு

பக்கத்து எஸ்.டி.டி. பூத் ஈஸ்வரி அக்கா சில்லறை வாங்க வந்தபோது என் திரையில் ‘பொள்ளாச்சி மாட்டுச் சந்தை’ பக்கம் திறந்திருந்தது. மொத்தமே மூன்று வரி. மூன்றாவது வரி: ‘தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசி விவசாயிகளை ஏமாற்றுகின்றனர்.’ அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா அந்தச் சந்தையில்தான் தரகர். “என்ற அப்பன் ஏமாத்துக்காரனா? இத அழி கண்ணு” என்றார்.

அழிக்க முடியாது, சரியாக எழுதி அனுப்பினால் தொகுப்பாளர் பார்த்து மாற்றுவார் என்றேன். அக்கா பெயரில் ஒரு பாஸ்வேர்டு வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். ‘சந்தை ரொம்பப் பெருசுங்க. தரகருங்க எல்லாம் நல்லவங்கங்க.’ களஞ்சியத்தில் ‘ங்க’ ஆகாதுக்கா என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “படிக்கறவீங்க யாரு எவருன்னு தெரியாது, பெரியவீங்களா இருந்தா? மொட்டையா எப்படி கண்ணு பேசறது?”

அன்பரே, சான்று?

என்னைக் கேட்காமலே அனுப்பிவிட்டார், திரும்பி வந்தது. ‘அன்பரே, நல்லவர் என்பது தகவல் அன்று, கருத்து. சான்று?’ அக்கா சான்று சேர்த்தார்: ‘எங்க அப்பா சொன்னாருங்க.’ அதுவும் திரும்பியது. ‘அன்பரே, தங்கள் தந்தை அச்சில் வந்த நூல் அல்லர். இன்னொரு முறை திரும்பினால் கடவுச்சொல் பறிக்கப்படும்.’

அக்கா வாடிய முகத்தோடு பூத்துக்குத் திரும்பிப் போனார். சிரிக்கவைக்கலாம் என்று மாமாவின் போனிலிருந்து பூத்துக்கு அடித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, “அன்பரே, தங்கள் தந்தைக்குப் பக்க எண் உண்டா?” என்றேன். “இல்லீங்க சார், அவருக்கு ஊட்டு நெம்பரு மட்டுந்தானுங்க இருக்குது” என்று பதறினார் அக்கா. சுவருக்கு இந்தப் பக்கம் என் சிரிப்புக் கேட்டதும் அவர் குரல் மாறியது. “உன்னக் கட்டிக்கப்போறவ பாவம்டா. போன வெச்சுப்போட்டு இங்க வா, பக்க எண்ணுன்னா என்னன்னு சொல்லு.”

துண்டுக்குள்

சந்தை நாளில் அக்காவோடு பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன். அவருக்குக் கட்டுரை, எனக்குக் குரல். நூறு தரகர் கத்துவார்கள், ஒரு மாதத்துக்குத் தாங்கும் சரக்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மாடு கத்தியது, டீக்காரர் கத்தினார். ஆனால் விலை பேசுகிற இடத்தில் மட்டும் சத்தமே இல்லை! அக்காவின் அப்பாவும் மாடு வாங்க வந்தவரும் ஒரு துண்டுக்கடியில் கை கோத்திருந்தார்கள். இருவர் முகமும் எங்கோ பார்த்தன. துண்டுக்குள் விரல்கள் மட்டும் அசைந்தன. வாங்க வந்தவர் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடியும் துண்டு அசைந்தது. பிறகு கயிறு கை மாறியது. அவ்வளவுதான்.

விலையை வாய்விட்டுச் சொன்னால், கஷ்டத்துக்குக் குறைத்து விற்பவர் நிலைமை சந்தைக்கே தெரிந்துபோகும் என்று அக்கா காதோரம் விளக்கினார். வாயைப் பிளந்து நின்றேன். எதையும் பேசிக்காட்டுகிற என்னால் இதை எப்படிப் பேசிக்காட்ட முடியும்? பொறுக்க மாட்டாமல், “ஏனுங்க, உள்ள என்னங்க பேசுனீங்க?” என்று அக்காவின் அப்பாவையே கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பேசியிருந்தா உனக்கே கேட்டிருக்குமே, தம்பி.”

அந்த வரி

சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் சந்தைகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று சிக்கியது; துண்டு வியாபாரம் அதில் பக்க எண்ணோடு இருந்தது. அக்கா உட்கார்ந்து தட்டினார். ‘விலை வெளியே தெரியாமலிருக்க, துண்டுக்குள் விரல்களால் பேசுவர். கஷ்டத்தில் விற்பவரின் மானம் இதனால் காக்கப்படுகிறது. விரல் கணக்குத் தெரியாத விவசாயிகள் ஏமாந்ததும் உண்டு.’

மறுபடியும் படித்துப் பார்த்தேன். ஒரு ‘ங்க’ இல்லை. அக்கா குரல் இல்லை, தரகர் மகள் குரலும் இல்லை. எந்தக் குரலில் படித்துப் பார்த்தாலும் ஒட்டவில்லை. அதைவிட, எந்த வரியை அழிக்க வந்தாரோ, அதில் இருந்த உண்மையை அவரே எடுத்து எழுதியிருந்தார். “அக்கா, கடைசி வரி வேணுங்களா?” என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “என்ற அப்பன் செஞ்சதில்ல. செஞ்சவீங்க இருக்கறாங்க. அத உட்டுப்போட்டா மிச்சத்த யாரு கண்ணு நம்புவா?”

பதில்

மெயில் வந்தபோது அக்கா பூத்தில் இருந்தார். ‘அன்பரே, கட்டுரை ஏற்கப்பட்டது. பழைய வரி நீக்கப்பட்டது.’ கொஞ்சம் இடம் விட்டு, கீழே இன்னும் இரண்டு வரி: ‘நல்லா எழுதியிருக்கறீங்க அம்மணி. எங்கூட்டு மாட்டையும் அந்தச் சந்தைலதானுங்க வித்தோம்.’

குளிர்நாடாவது, மூக்குக் குரலாவது! மனுசன் நம்ம ஊர்க்காரர். இத்தனை நாளும் அந்த ‘ங்க’வை அவரும் துண்டுக்குள்தான் வைத்திருந்திருக்கிறார். ஒரே ஓட்டமாக ஓடி, மூச்சிரைக்க, வாழ்க்கையில் முதல்முறையாக என் சொந்தக் குரலில் அத்தனையையும் ஒப்பித்தேன். அக்கா ரிசீவரைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: “அம்மணின்னு வேற சேத்திப்போட்டயா? ரீல் உடாத கண்ணு, நெசமான மெயில் வந்தா வந்து சொல்லு.”

எல்லார் குரலிலும் பேசத் தெரிந்தவன் உண்மையைச் சொல்ல வந்தால், அவனிடமும் பக்க எண்தான் கேட்கிறார்கள்.