வாயைப் பொத்திய கை

நெய்யாற்றின்கரையில் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் பெண்களுக்கான எழுத்துப் பயிற்சி நடந்தது. நடத்தியவர் ஒரு மனநல ஆலோசகர். அன்று அவர் தந்த சொல் ‘மணம்’. “பேனாவ எடுக்காம எழுதுங்க. தப்பு ஒண்ணும் பாக்காண்டாம். எதுவும் வரலேன்னா, வரலேன்னே எழுதுங்க” என்றார்.

‘ஒன்றும் வரவில்லை’ என்றுதான் தொடங்கினேன். திரும்பத் திரும்ப அதையே எழுதினேன். பிறகு புகை மணம் நினைவில் வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் சின்ன அறை உண்டு, புகைப்புரை என்போம். ஒரு மழைநாள் சாயங்காலம் அப்பா குடித்துவிட்டு வெட்டுக்கத்தியோடு வந்தார். அம்மை என்னை இழுத்துக்கொண்டு அதற்குள் புகுந்தாள். எனக்கு ஐந்து வயதிருக்கும். கண் எரிந்தது. தொங்கிய ஷீட்டுகளுக்குப் பின்னால் அம்மையின் கை என் வாயைப் பொத்தியது. மூச்சு முட்டியது. விலக்கப் பார்த்தேன்; இன்னும் அழுத்தினாள். அம்மை என்னைக் கொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

அந்த வரியின் கீழ் அதையே இன்னொரு முறை எழுதினேன். சன்னல்கள் திறந்துதான் கிடந்தன, ஆனாலும் காற்று போதவில்லை. இத்தனை வருடம் அப்பாவுக்குத்தான் பயந்தேன் என்று நம்பியிருந்தேன். ஆலோசகர் அருகே வந்து, “போதும்னா நிறுத்திக்கலாம்” என்றார். நிறுத்த முடியவில்லை.

திருப்புறத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மை மரச்சீனிக் கிழங்கின் தொலி உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா இறந்து வெகுகாலமாயிற்று. அவரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அன்று கேட்டேன்.

“புகைப்புரையில வச்சு எனக்க வாய ஏம்மா பொத்தின? இருமுவேன்னா?”

கத்தி நின்றது. “நீ இருமல்ல மக்கா. அவரு வெளிய நின்னு உன்னைய விளிச்சாரு. ‘எனக்க பொன்னு மோளே, அப்பா முட்டாயி கொண்டு வந்திருக்கேன்’னு. நீ ‘வாறேன்’னு சொல்ல வாயத் தொறந்த. அதாக்கும் பொத்தினேன்.” கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “உனக்கு மூச்சு உண்டான்னு மூக்குக்கிட்ட வெரல வச்சு வச்சுப் பாத்தேன். எனக்கும் பயமும் பேடியுந்தான்” என்றாள்.

கத்துகிற அப்பாதான் என் நினைவில் இருந்தார். கொஞ்சிக் கூப்பிட்ட அப்பா இல்லவே இல்லை. அந்தக் குரலை நம்பி நான் கதவைத் திறந்திருப்பேன்.

“இனி எழுத உக்காந்தா அந்தச் சத்தந்தான் வரும். பேடியா இருக்கும்மா” என்றேன்.

அம்மை கிழங்குச் சட்டியைத் தள்ளிவைத்து எனக்கு இடம் விட்டாள். “அப்ப இஞ்ச இருந்து எழுது. நான் இருக்கேன்லா.”