பன்னிரண்டாவது கால்

தவநாயகியின் கை அளவு பிசகாது. வட லண்டனில் அவள் வேலை செய்யும் செயற்கைக் கால் பட்டறையில் இது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். இருபத்திரண்டு வருடங்களாகக் கிங்ஸ்பரியிலிருந்து பஸ் பிடித்து அங்கே போய்வருகிறாள். கால் இழந்தவரின் எஞ்சிய பகுதி உள்ளே போய் உட்காரும் கிண்ணத்தைச் செய்வதுதான் அவள் பொறுப்பு. அது கொஞ்சம் தளர்ந்தாலும் இறுகினாலும் தோல் கிழிந்து புண்ணாகிவிடும். ஒவ்வொரு காலையும் தன் கையெழுத்தோடுதான் அனுப்புவாள்.

சென்ற தை மாதம் போர் முடிந்த ஒரு தூர நாட்டுக்காகப் பன்னிரண்டு கால்கள் கேட்டு ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. அங்குள்ள மருத்துவமனை அளவுகளைக் கணினியில் அனுப்பியது. பதினொருவர் பெரியவர்கள். பன்னிரண்டாவது ஹனான் என்ற ஒன்பது வயதுப் பெண். கண்ணிவெடியில் வலது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பு இரண்டாம் மாடியில். தகப்பன் தூக்கிக்கொண்டு ஏறினால் பாடம். அவருக்குக் கூலிவேலை கிடைத்த நாளில் அவளுக்குப் பள்ளி இல்லை.

ஆறு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் என்று தொண்டு நிறுவனத்தின் கடிதத்தில் இருந்தது. தவநாயகி அதை நம்பினாள். ஹனானின் காலைத் தோலோடு தோலாகப் பொருந்தும்படி செய்தாள். அவ்வளவு அழகாக ஒரு பிள்ளைக்கால் அவள் கையிலிருந்து அதுவரை போனதில்லை.

அந்த நாட்டை மீளக் கட்டுவதற்கு இரண்டு நேச நாடுகள் கைகோர்த்திருந்தன. போரில் ஒரே பக்கம் நின்றவை. ஒன்று மருத்துவமனையைக் கட்டியது, மற்றது துறைமுகத்தைக் காத்தது. மருத்துவமனை நிர்வாகக் குழுவில் ஒருவருக்குப் பயங்கரவாதிகளோடு தொடர்பு என்று துறைமுகத்தைக் காத்த நாடு அறிவித்தது. நாங்கள் விசாரித்துத் தேர்ந்தெடுத்த மனிதரையா சந்தேகிக்கிறீர்கள் என்று மற்ற நாடு சீறியது. லண்டனில் நடக்கவிருந்த புனரமைப்பு மாநாடு தள்ளிப்போனது. அந்த மருத்துவமனைக்குப் போகும் பொருள்களுக்குத் துறைமுகத்தில் அனுமதி நின்றது. முத்திரை வைத்த பெட்டியில் பன்னிரண்டு கால்களும் சவுத்தாலில் ஒரு கிடங்கில் கிடந்தன.

கால்களுக்குள் உலோகக் குழாய் எதற்கு என்று கேட்டுத் துறைமுகத்தைக் காத்த நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தவநாயகி படம் வரைந்து இரண்டு பக்கம் விளக்கினாள். அதே கேள்வி மறுபடி வந்தது. மறுபடி விளக்கினாள். மூன்றாம் முறை ‘நடப்பதற்கு’ என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினாள். உன்ர காலுகள் இன்னும் நடக்கத் தொடங்கேல்லையோ என்று கணவர் குலசேகரம் ஒருநாள் பகிடி பண்ணினார். இரண்டு நாள் அவரோடு அவள் பேசவில்லை.

ஐப்பசியில் மருத்துவமனையிலிருந்து புதிய அளவு வந்தது. ஹனான் மூன்றரை சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாள். இழந்த காலின் எஞ்சிய பகுதியும் பருத்திருந்தது. தவநாயகி பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்; செய்த கால் இனிப் பொருந்தாது. ஒரு பிள்ளை வளர்ந்ததற்காகக் கண்ணீர் வடிக்க வேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

அடுத்த மாதமே அனுமதி வந்தது. தொண்டு நிறுவனத்தில் அனுமதி வேலைகளைப் பார்க்கும் நவநீத், சென்னைக்காரர், தாளோடு பட்டறைக்கு வந்தார். ஒவ்வொரு காலும் உரியவருக்குப் பொருந்தும் என்று தவநாயகி கையெழுத்திட வேண்டும். ஹனானின் காலை மட்டும் எடுத்துவிடும்படி அவள் கேட்டாள்.

"முடியாதுக்கா. பன்னிரண்டுன்னுதான் ரெண்டு நாடும் ஒத்துக்கிட்டிருக்காங்க. பதினொண்ணு ஆக்கினா மறுபடி முதல்லேருந்து."

"அது அந்தப் பிள்ளைக்கு இனிப் பொருந்தாது, தம்பி. சரியெண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"மத்த பதினோரு பேரும் பத்து மாசமா காத்துக்கிட்டு இருக்காங்கக்கா."

பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். ரொட்டி சுடுபவர், லொறி ஓட்டுநர், ஒரு மருத்துவத்தாதி. ஒவ்வொருவரின் கால் வடிவமும் அவள் உள்ளங்கைக்குத் தெரியும். பேனாவை எடுத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகப் பொய்க்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

பிறகு ஹனானின் புதுக் காலுக்கான படிவத்தைக் கேட்டாள். நவநீத் கொண்டுவந்திருந்தார். கதிரையை இழுத்து அவர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, இந்த ரெண்டு நாட்டுக்காரரும் இனி எத்தினை மாசம் சண்டை பிடிப்பினம்?"

நவநீத் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பகிடிக்குக் கேக்கேல்லை. கிண்ணத்தைக் கொஞ்சம் பெரிசாச் செய்தா தடிச்ச உறை போட்டு இறுக்கலாம். குழாயை நீளமா விட்டா அங்க வெட்டிக் குறைக்க ஏலும். ஆனா எத்தினை மாசத்து வளர்த்திக்குச் செய்யிறது? அதை ஆர் எனக்குச் சொல்லுவினம்?"

"மார்ச்ல பேச்சுவார்த்தை இருக்குக்கா. அதுல முடிஞ்சிடும்னு சொல்றாங்க."

"போன முறை ஆறு கிழமை எண்டவை."

நவநீத் தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து போகவும் மனம் வரவில்லை.

தவநாயகி வேலை அட்டை ஒன்றை எடுத்து ஹனானின் பெயரை எழுதினாள். வளர்ச்சிக்கு விடவேண்டிய மாதங்கள் என்று எழுதி, எதிரே பத்து என்று போட்டாள். பிறகு அதை வெட்டிவிட்டுப் பதினான்கு என்று எழுதினாள்.