ஞானசுந்தரத்தின் அறுபது நிமிடங்கள்

2006 பெப்ரவரி 9, வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஜெர்மனியின் கொலோன் நகரத் தகனசாலை நிர்வாகி திருமதி லின்ட்னர் தம்பித்துரையிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அறுபது நிமிடம். அறுபத்தொன்று ஆனால், இனி உங்கள் ஆட்களுக்கு மண்டபம் கிடையாது. பெட்டி நேரே கீழே உலைக்குப் போகும்."

அவரில் பிழை சொல்ல முடியாது. ஜனவரியில் நடந்த தமிழ்ச் செத்தவீடு 107 நிமிடம் ஓடியது. அடுத்து வந்த ஜெர்மன் குடும்பம் 47 நிமிடம் வாசலில், கொட்டும் பனிக்குள் நின்றது.

தம்பித்துரைக்கு வயது 53. 1985இல் அகதியாக வந்தவர். கொலோன் பணிமனையில் ட்ராம் கழுவுகிறார். முகாமில் அறைத் தோழன் ஒருவன் இறந்தபோது படிவம் நிரப்ப ஆளில்லாமல் இவர் போனார். அன்றிலிருந்து யார் இறந்தாலும் முதல் அழைப்பு இவருக்குத்தான். இதுவரை 31. ஒவ்வொன்றிலும் எது எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பார்.

முப்பத்திரண்டாவது ஞானசுந்தரம். தன் கலியாணத்துக்கே ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தவர். செவ்வாய்க்கிழமை தகனம். மனைவி சுந்தரேஸ்வரி கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, சுண்ணம் இடிக்கிறது, வாய்க்கரிசி, ஒண்டும் விடுபடக்கூடாது. அவரைக் குறையோட அனுப்ப ஏலாது."

அன்று மத்தியானம் தம்பித்துரை கொப்பியை விரித்துக் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். சரியேதான்! ஜனவரியில் கிரியைக்குப் போனது 56 நிமிடம். மிச்சம் 51ஐயும் தின்றது இரங்கலுரை. ஏழு சங்கம், ஏழு தலைவர்.

பக்கத்து வீட்டுப் பெண் யோசப்பினிடம் கொப்பியோடு ஓடினார்.

"பிடிச்சிட்டன், யோசப்பின்!"

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நான் அப்பவே சொன்னனான் அண்ணை. உங்கட செத்தவீட்டுக்கு முதல் எதிரி மைக்தான்."

ஆனாலும் பயம் போகவில்லை. ஞானசுந்தரத்துக்கு ஜனவரியைவிட இரண்டு மடங்கு கூட்டம் வரும். ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் ஒத்திகை வைத்தார். இரண்டு மேசையைச் சேர்த்து, மேலே இருபது கிலோ அரிசி மூட்டை. அதுதான் ஞானசுந்தரம். ஐயர் தலைமாட்டில், நேரம் பார்க்க மணிக்கூட்டோடு யோசப்பின். இருநூறு பேர் கணக்கு வர, வந்த நாற்பது பேரும் மூட்டையை ஐந்து தரம் சுற்றி வாய்க்கரிசி போட்டார்கள்.

"அரிசிக்கே வாய்க்கரிசி!" என்று யாரோ சொல்ல, ஐயரும் மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்.

முதல் தரம் 64 நிமிடம். மூட்டைக்கு இரண்டு பக்கமும் வரிசை விட்டு மறுபடி செய்து பார்த்தார்கள். 56!

செவ்வாய் காலை சரியாகப் பத்துக்குத் தொடங்கியது. வாசலில் லின்ட்னரின் கண் சுவர்க்கடிகாரத்தில். உரலில் சுண்ணம் இடித்தாயிற்று, இரண்டு வரிசையும் மளமளவென்று நகர்ந்தது. ஐயர் கிரியை முடித்து எழுந்தபோது மணி 10.56.

சங்கத் தலைவர்களில் ஒருவரான இராசலிங்கமும் எழுந்தார்.

"நாலு நிமிசம் கிடக்கே! இரண்டே இரண்டு வார்த்தை. மைக் எங்கை?"

ஜனவரியில் அதே இரண்டு வார்த்தை 17 நிமிடம். மைக் தம்பித்துரையின் கோட்டுப் பையில் இருந்தது.

"அண்ணை, தயவுசெய்து இருங்கோ."

"என்னடாப்பா, செத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமே?"

அப்போது சுந்தரேஸ்வரி எழுந்தார். "அந்த நாலு நிமிசத்தையும் எனக்குத் தாங்கோ."

இராசலிங்கம் உட்கார்ந்தார். சுந்தரேஸ்வரி பெட்டியில் கை வைத்து நின்றார். பிறகு குனிந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"முகூர்த்தத்துக்கே பிந்தி வந்தனீங்கள். இண்டைக்குத்தான் நேரத்துக்கு வெளிக்கிடுறியள். கவனமாப் போங்கோ."

மண்டபம் சிரித்தது, சிரித்தபடியே அழுதது. மகன் மிதுஷன் பொத்தானை அழுத்தினான். பெட்டி கீழே இறங்கியது. 10.59!

லின்ட்னர் தம்பித்துரையிடம் வந்து கை கொடுத்தார். "அடுத்த முறையும் பத்து மணிதானே?"

சாப்பாட்டு மண்டபத்தில் தம்பித்துரை மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். இராசலிங்கத்தின் இரண்டு வார்த்தை அன்று 23 நிமிடம் நீடித்தது. அதுவும் கொப்பியில் இருக்கிறது.