பக்கத்து வீட்டுத் தொட்டித் தண்ணீர்

எங்கள் தீவில் டெலானிபூர் மேட்டிலிருந்த அரசு குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த காலத்தில், பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிடும். பெண் மூத்தவள், பையன் சின்னவன். என் கணவருக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை, வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. அதனால் எல்லாக் கேள்வியும் என்னிடமே வந்து நிற்கும். பள்ளிவிட்டு மேடேறி வரும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். பஸ்ஸில் தூங்குவதுபோல நடித்து சீட் கொடுக்காமல் இருப்பவர் பொய் சொன்னவரா? சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்த மாங்காய் யாருக்குச் சொந்தம்? தோழி வரைந்த படம் நன்றாக இல்லையென்றால் அவளிடம் சொல்லத்தான் வேண்டுமா?

“நீங்க என்ன நினைக்கறீங்க?” என்று திருப்பிக் கேட்டுவிடுவேன். பாதி, எனக்கே பதில் தெரியாததால்தான். அவ்வளவுதான், செருப்பைக் கழற்றும்வரை இருவரும் வாதாடிக்கொண்டே வருவார்கள்.

அந்தக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக இருந்தது. சுற்றிலும் கடல், குழாயில் மட்டும் காற்று. சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அவரவர் வீட்டுப் பின்கட்டுக்குள் இருக்கும் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி ஆன்ட்டியும் அவர் கணவரும் இருந்தார்கள். உறவில் ஒரு கல்யாணத்துக்காகக் கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். போவதற்கு முன் ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைத் தாண்டிப் போய், சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். “செடிக்குத் தண்ணி, மீனுக்குத் தீனி. உங்க ரெண்டு பேர் பொறுப்பு, பேட்டா” என்று இந்தியில் சொன்னார். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதில் பிள்ளைகளுக்கு முறை உண்டாயிற்று.

ஆன்ட்டி போன பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டில் ஆள் இல்லாததால் அவர்கள் தொட்டி நிரம்பி அப்படியே இருந்தது. எங்கள் தொட்டி சீக்கிரமே காலியானது. குடிக்க ஒரு குடம் மட்டும் மிச்சம்.

அப்போதுதான் மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்தாள். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. துணைக்கு வரவேண்டிய அவள் அம்மாவுக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை.

“அக்கா, ரெண்டு பால்டி தண்ணி கெடைக்குமா? பாப்பா துணி அப்படியே கெடக்கு. குளிப்பாட்டவும் இல்ல.”

எங்கள் காலி வாளிகளை அவளே பார்த்தாள். பிறகு அவள் கண் பையனின் கழுத்திலிருந்த சாவிக்குப் போனது. ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்க முடியாததற்குக் காரணம் இருந்தது. அவள் மாடியில் காயப்போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டி, ஆன்ட்டி வெயிலில் வைத்திருந்த பருப்பு வடகம் பாழாகிவிட்டது. அன்று நடந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

“சாவியக் குடுடா, எடுத்துக் குடுக்கலாம்” என்றாள் என் மகள்.

பையன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “ஆன்ட்டி செடிக்கும் மீனுக்கும்தான் சொன்னாங்க.”

“பாப்பாவவிட மீன் பெரிசா உனக்கு?”

“பெரிசில்ல. ஆனா தண்ணி நம்மளது இல்லயே.”

நான் ஆன்ட்டிக்கு போன் செய்து பார்த்தேன். கப்பல் நடுக்கடலில் இருந்திருக்கும், லைன் போகவேயில்லை. சாவியை வாங்கி நானே கதவைத் திறந்திருக்கலாம். கை அரித்தது. ஆனால் அதை ஆன்ட்டி என்னிடம் தரவில்லையே என்று நின்றேன்.

“அம்மா, ஆன்ட்டி இங்க இருந்தா குடுப்பாங்களா?” என்று பையன் கேட்டான்.

“தெரியலடா. கோவத்துல இருக்காங்க.”

அவன் சாவியைக் கழற்றிக் கையில் எடுத்தான். “கோவம் மாடி அக்காமேலதான? பாப்பாமேல இல்லல்ல?”

சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் திறந்துவிட்டான். இரண்டு வாளிகளில் மொண்டு நானும் மகளும் மாடிக்குத் தூக்கிப் போனோம். அவன் பின்னாலேயே ஒரு மக்கில் தண்ணீரைத் தளும்பவிட்டுக்கொண்டு வந்தான்.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது, எங்கள் பங்கிலிருந்து இரண்டு வாளி ஆன்ட்டியின் தொட்டியில் ஊற்றியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். “அதுல தானாவே தண்ணி ஏறுதுடா” என்று எரிச்சலோடு சொன்னேன். கேட்கவில்லை. ஊற்றிவிட்டுத்தான் எங்கள் தொட்டிப் பக்கம் வந்தான்.

ஆன்ட்டி ஊரிலிருந்து திரும்பிய அன்று வீட்டில் மறுபடி விவாதம்.

“திருப்பி ஊத்திட்டோம்ல, எதுக்குச் சொல்லணும்?” என்றாள் மகள். “சொன்னா அந்த அக்காவத்தான் திட்டுவாங்க. அப்ப சொல்றதுதான் தப்பு.”

“கேக்காம எடுத்தோம்ல” என்றான் அவன்.

இரண்டிலும் நியாயம் இருந்தது. சொல்லிவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஆன்ட்டி பெட்டியைப் பிரித்து இருவருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். பையன் அதை வாயில் வைக்காமல், தன் இந்தியில் நடந்ததெல்லாம் சொல்லி முடித்தான். ஆன்ட்டியின் முகம் மாறியது.

“சாவி உங்களுக்குத்தானே கொடுத்தேன், அவளுக்கா கொடுத்தேன்?” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையன் அழுதான். “நாம தப்புப் பண்ணிட்டோமாம்மா?”

“தண்ணி குடுத்தது சரிதான்டா. ஆன்ட்டிக்கு வருத்தம் வந்ததும் சரிதான்.”

“ரெண்டும் எப்படிம்மா சரியா இருக்கும்?”

அவன் முகத்தைத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்காரவைத்தேன். சந்தேஷ் தட்டிலேயே கிடந்தது. மறுநாள் காலையில் என் மகளே அதைத் தின்றுவிட்டாள்.

ஆன்ட்டி எங்களிடமும் சரியாகப் பேசாத நாட்கள் அவை. பிறகு ஒரு மத்தியானம் மாடியில் குழந்தை விடாமல் அழுதது. நான் போகலாமென்று எழுந்தபோது, ஆன்ட்டி எனக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்தார். நான் மேலே போனபோது குழந்தை அவர் நீட்டிய கால்களின் மேல் குப்புறக் கிடந்தது, முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

துர்கா பூஜை சமயத்தில் ஆன்ட்டி மறுபடி ஊருக்குக் கிளம்பினார். இந்த முறை சாவியைப் பையன் கையில் மட்டும் கொடுத்தார். “யாராவது தண்ணி கேட்டா எனக்கு போன் பண்ணு, பேட்டா. லைன் கிடைக்கலன்னா நீயே யோசிச்சுக்கோ.” முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னது நான்தானே என்று மகளுக்கு ஆற்றாமை. அந்த வாரம் முழுக்கத் தம்பியோடு அதையே சொல்லிச் சண்டை போட்டாள்.

கணவர் ரிடையர் ஆனதும் ஆன்ட்டி குடும்பம் மெயின்லேண்டுக்கே போய்விட்டது. நாங்கள் இதே தீவில் டாலிகஞ்சில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டோம். மகளுக்குச் சென்னையில் வேலை. பையன் அங்கேயே கல்லூரியில் படிக்கிறான். தினமும் போனில் பேசுகிறார்கள். இப்போது என்னிடம் எதையும் கேட்பதில்லை. முடிவெடுத்துவிட்டு, எடுத்த முடிவை மட்டும் சொல்கிறார்கள். நல்ல முடிவுகள்தான். ஆனாலும் கேட்டிருக்கலாம் என்று இருக்கிறது.

சமீபத்தில் ஒரு வேலையாக டெலானிபூர் போனபோது பழைய குவார்ட்டர்ஸ் வழியாக நடந்தேன். எங்கள் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். வராந்தாவில் இரண்டு சிறுமிகள் எதற்கோ மும்முரமாக இந்தியில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். “அது நியாயமே இல்ல!” என்று ஒருத்தி கத்தினாள். என்ன விஷயம் என்று கேட்க ஆசையாக நின்றேன். உள்ளேயிருந்து அவர்கள் அம்மா எட்டிப் பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டாள்.

“யாரும் இல்ல, சும்மாதான்” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன்.